எட்டு மாதம் வெட்டாத துணி

பதினோரு வருடமாகப் பிறர் வெட்டிக்கொடுத்த துணியைத் தைத்தே காலம் தள்ளியவளுக்கு, வெட்டும் வேலைக்கு மாற ஆசை. தன் கையால் வெட்டித் தைத்த சட்டை ஒன்றைக் காட்டினால் அந்த வேலையைத் தருவதாகத் தையற்கூடத்தின் மேலாளர் எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். இன்று மாலை ஐந்து மணி கடைசிக் கெடு. இப்போது மணி ஒன்று. துணி இன்னும் வீட்டு மேசைமேல் முழுசாகக் கிடந்தது.

வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டாதே என்ற பயம். சாக்பீஸால் கோடு போடுவாள், நாளைக்கு என்று மடித்து வைப்பாள், கோடு அழிந்ததும் மறுபடி போடுவாள். இப்படியே நான்கு முறை ஆகிவிட்டது.

அளவு நாடாவை எடுத்ததும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சாவது தடவையா அண்ணி? அந்தத் துணிக்கே அளவு மனப்பாடம் ஆயிருக்கும்."

"சும்மா இருடி. வெட்டிட்டா திரும்ப ஒட்டாது."

"கோடு போட்டா மட்டும் சட்டையாயிடுமாக்கும்!"

அவள் நாடாவை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய கோடு மங்கலாகத் தெரிந்தது, அது போதும். தோள் பக்கம் கத்தரி அரை விரல் உள்ளே போய்விட்டது. துணியை மடிக்கக் கை தானாகவே போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு மறுதோளையும் அதே அளவு குறைத்து வெட்டினாள்.

ஐந்து மணிக்குச் சற்றுமுன் தையற்கூடத்தில், அவள் தைத்துக் கொண்டுபோன சட்டையை மேலாளர் புரட்டிப் பார்த்தார்.

"தோள் ஒடுங்கியிருக்கேம்மா?"

"தப்பா வெட்டிட்டேன் சார். ரெண்டையும் சமமாக்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை உங்க கத்தரிக்கோலோட வாங்க" என்றார்.