வாளி ரூமுக்கு மஞ்சள் பெயின்ட்

கழிப்பறை கழுவுகிறவர்களுக்குத் தெரியும், ஒருவரை முகம் பார்த்து அறிவதைவிட அவர் கதவு முன்னால் நிற்கிற நிலையைப் பார்த்து அறிவது சுலபம். மாப்பும் பினாயிலும் பிடித்துக் கை காய்ந்துபோன சகோதரிகளே, நீங்கள் இதை ஒத்துக்கொள்வீர்கள். நான் துபாய் தேராவில் ஒரு தமிழ் ஓட்டலில் இந்த வேலை பார்க்கிறேன். ஊர் தூத்துக்குடிப் பக்கம், படிப்பு எட்டாவது, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் முடிந்தாயிற்று. கையில் மாப்பு ஓடும்போது வாயில் ஜெபமாலை ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை.

பெட்டி வந்தால் ஒட்டு

எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். அவர் மகள் லண்டனில் இதே பெயரில் ஓட்டல் நடத்துகிறார். அந்தக் கடைக்கான மெனு, ஸ்டிக்கர் எல்லாம் தேராவில் அச்சடித்து, லண்டன் போகிறவர் யாருடைய பெட்டியிலாவது கொடுத்துவிடுவார்கள். இங்கே யார் பயணம் போனாலும் பாதிப் பெட்டி அடுத்தவர் சாமான்தானே.

அப்படி ஒரு பெட்டி கல்லாப் பக்கம் இருந்தது. லண்டன் போக வேண்டியது என்று தெரியாமல் பிரித்துவிட்டேன். பாதி பாவாடை, பாதி பேன்ட் போட்ட ஒரு உருவம், அழகான நீல நிறத்தில். கழிப்பறை ஸ்டிக்கர் என்பது மட்டும் புரிந்தது. புதுசாக எது வந்தாலும் அன்றைக்கே ஒட்ட வேண்டும், பலதியா என்கிற நகராட்சியிலிருந்து சோதனைக்கு வருவார்கள் என்பது எங்கள் கடை வழக்கம். பழைய படங்களைச் சுரண்டிவிட்டு கதவுக்கு ஒன்றாக இரண்டிலும் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை பிரியாணி நேரம். இரண்டு கதவுக்கும் நடுவில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் நிற்கிறது, ஒருவரும் உள்ளே போகவில்லை. லேபர் கேம்ப்பிலிருந்து வந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ரொம்பப் பணிவாக என்னிடம் கேட்டார்: "அக்கா, ஜோடியா வந்தாத்தான் உள்ள விடுவீங்களா? என் சம்சாரம் ஊர்ல இருக்கா."

லண்டன் தகராறு

மேனேஜர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், பயந்த சுபாவம். என்னைத் திட்டவில்லை. ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே விவரம் சொன்னார். லண்டனில் திருநங்கைகள் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று சட்டம், வழக்கு எனப் பேச்சாகி, கடைக்காரர்களெல்லாம் நாங்கள் இந்தப் பக்கம், நாங்கள் அந்தப் பக்கம் என்று அறிவிக்கிறார்களாம். தன் கடை எல்லோருக்கும் பொது என்று சொல்லத்தான் ஹாஜியார் மகள் இந்தப் படத்தை அடிக்கச் சொன்னாராம். இங்கே அப்படி முடியாது. பாஸ்போர்ட்டில் ஆண் என்று இருப்பவர் சேலை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் போனார் என்று யாராவது புகார் கொடுத்தால் அவருக்கு ஜெயில், கடைக்கும் ஆபத்து என்றார்.

அப்படிப்பட்ட ஒருவர் நம் கடைக்குச் சாப்பிட வந்தால் எங்கே போவார் என்று கேட்டேன். கத்தி நின்றது. பிறகு, "சட்டம் லண்டனுக்கு வேறை, துபாய்க்கு வேறை, செலினக்கா. மூத்திரம் மட்டும் எல்லா ஊரிலயும் ஒண்டுதான்" என்றார்.

தண்ணீர் குடிக்காத பிள்ளை

நான் கேட்ட கேள்விக்கு ஆள் அடுத்த வாரமே வந்துவிட்டது. எங்கள் மாடி ஹாலில் ஒரு கல்யாண வீட்டார் மூன்று நாள் விசேஷம் வைத்திருந்தார்கள். மணப்பெண்ணை அலங்காரம் செய்ய மதுரையிலிருந்து விசிட் விசாவில் வந்தவள் சுதா, திருநங்கை. காலையில் வந்தால் சாயங்காலம்வரை மாடியில்தான். கையும் ஓயாது, வாயும் ஓயாது. பெண் வீட்டார் சிரித்துச் சிரித்து மை கலைந்து, மறுபடி முதலிலிருந்து மை போடுவாள்.

சாப்பிடக் கீழே வரும்போது மட்டும் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைப்பாள். டீயும் வேண்டாம், மோரும் வேண்டாம். வெளியே ஜூன் மாத வெயில். உதடு வெடித்து, அதன்மேல் லிப்ஸ்டிக். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? இரண்டாம் நாள் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, ஏம்மா குடிக்க மாட்டேங்கிற என்று கேட்டேன். சிரித்தபடிதான் சொன்னாள்: "குடிச்சா எந்திரிக்கணும்க்கா. எந்திரிச்சா ரெண்டு கதவு. சேலை ஒரு கதவைச் சொல்லுது, பாஸ்போர்ட் இன்னொண்ணைச் சொல்லுது. அதான் தொண்டைக்கே பூட்டுப் போட்டுட்டேன்."

மாதா இருந்த அறை

சமையல்கட்டுக்குப் போகிற வழியில் பழைய ஒற்றைக் கழிப்பறை ஒன்று உண்டு. தாழ்ப்பாள், வாஷ்பேசின் எல்லாம் சரியாக இருக்கும். யாரும் போகாததால் அது என் வாளி ரூம். பேசினுக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம். கோப்பைமேல் பலகை போட்டு உட்கார்ந்து அங்கேதான் ஜெபம் சொல்வேன். மாட்டுத்தொழுவத்தில் பிள்ளை பெற்ற தாய், இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்கள். தங்குகிற ரூமில் நாங்கள் எட்டுப் பேர். தாழ்ப்பாள் போட்டுத் தனியாக உட்கார எனக்கு இந்த ஊரில் அது ஒன்றுதான் இடம்.

அதனால் சுதா விஷயத்தை ஹாஜியாரிடம் சொன்னபோது அந்த அறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது என் பாவம். பெண்கள் பக்கம் அனுப்ப முடியாது, ஆண்கள் பக்கம் அனுப்பவும் கூடாது, நாளையோடு கல்யாணம் முடிகிறது, பேசாமல் இருந்துவிடுவோம் என்றார் மேனேஜர். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். தன் கடையில் எத்தனை கதவு என்று அவருக்குத் தெரியாதா? மனதுக்குள் மாதாவைக் கேட்டேன். பதில் நமக்கே தெரிந்த கேள்விக்கு மேலே இருந்து பதில் வருவதில்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

அதை மேனேஜர் பக்கம் நகர்த்திவிட்டு ஹாஜியார் சொன்னார்: "சட்டத்தை மாத்த நான் ஆளில்லை, தம்பி. ஆனா என் கடையில உட்கார்ந்தவங்க தாகத்தோட எந்திரிச்சுப் போனா, அல்லாஹ்கிட்ட நான்தானே பதில் சொல்லணும்."

படம் இல்லாத கதவு

அன்றைக்கே வாளிகள் வெளியேறின. போர்டு எழுதி மிச்சமிருந்த மஞ்சள் பெயின்ட்டைக் கதவுக்கு அடித்தது மேனேஜரே. என்ன படம் போடுவது என்று கேட்டார். படமே வேண்டாம், தாழ்ப்பாள் போதும் என்றுவிட்டார் ஹாஜியார். அத்தா, நீங்க எந்தப் பக்கம் என்று மகள் போனில் கேட்டதற்கு, சமையல்கட்டுப் பக்கம் என்றாராம்.

மறுநாள் அந்தக் கதவை முதலில் திறந்தது சுதா இல்லை. சக்கர நாற்காலியில் மணப்பெண்ணின் பெரியப்பா, தள்ளிக்கொண்டு அவர் மனைவி. அடுத்து, சின்னப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்த ஒரு அப்பா. இத்தனை நாள் இவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வரிசையில் மூன்றாவதாகப் பட்டுச்சேலையில் சுதா. ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் அவசரம்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு இன்னொன்று. பிறகு டீ. மாடியில் மணப்பெண் தேடுகிறாள் என்று தோழி ஓடிவந்து கூப்பிட்டபோது, சுதா காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "இரு தாயி, இன்னொரு டீ சொல்லியிருக்கேன். அதைக் குடிச்சு, அந்த மஞ்சக் கதவுக்கு மறுபடி ஒருநடை போயிட்டு வந்துதான் உன் பொண்ணுக்கு மேக்கப்பு."

என் வாளிகள் இப்போது மேனேஜரின் மேசைக்கடியில் இருக்கின்றன, என் ஜெபம் மஞ்சள் கதவுக்கு வெளியே நின்றபடி நடக்கிறது. கொள்கை என்று ஒன்று கடைக்குள் வந்துவிட்டால் யாராவது கொஞ்சம் நகர்ந்து உட்காரத்தானே வேண்டும்.