பல்செட்காரர் வாங்கிய மதர்போர்டு

அவர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன லேபில் உட்கார்ந்து பற்களைச் செதுக்கி, தேய்த்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒழுங்காகச் சேர்கின்றனவா என்று பார்த்து அனுப்புவார். தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்காரர்தான்.

லேபில் பற்களைக் கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்தார்கள். வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம் என்று அவரும் ஒரு கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். பெட்டி வந்தது, எல்லாப் பாகங்களும் உட்காரும் மதர்போர்டு வந்தது. பிராசசர் மட்டும் வாங்கவில்லை. இன்னும் வேகமான ஒன்று வரப்போகிறது, அது இதே போர்டில் உட்காரும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.

“மூளையே இல்லாம எதுக்குங்க இதை வாங்கி வச்சிருக்கீங்க?” என்றாள் மனைவி.

“வாய் முதல்ல இருக்கணும். பல்லை அப்புறம் பண்ணிக்கலாம்.”

மனைவியின் தம்பி அதே போர்டை வாங்கி, கடையில் கிடைத்த பிராசசரைப் போட்டு, அன்றைக்கே ஓட்ட ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு இவர் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. சொந்தக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

மாதங்கள் ஓடின. புதுசு இந்தப் போர்டில் உட்காரும் என்று செய்தி வந்தால் பல்செட்காரர் குளிக்கும்போது பாடுவார். உட்காராது என்று வந்தால் சாப்பாட்டில் உப்பு சரியில்லை என்பார். மனைவி அந்தப் பெட்டியின் மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

கடைசியில் பிராசசர் வந்தேவிட்டது. அதே போர்டில் உட்கார்ந்தும்விட்டது. துணிகளை இறக்கிவைத்துவிட்டு சுவிட்சைத் தட்டினார். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“போர்டுல இருக்கிற பயாஸ்ங்கிற புரோகிராம் பழசு சார். அதுக்கு இந்தப் புது பிராசசரை அடையாளம் தெரியலை. பயாஸை அப்டேட் பண்ணிட்டா போதும்.”

“எப்படிப்பா பண்றது?”

“கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு...”

“அதுதான் ஆன் ஆகலையே!”

“அதனாலதான் பழைய பிராசசர் ஒண்ணைப் போட்டு ஆன் பண்ணணும் சார்.”

“பழசுக்கு நான் எங்கே போவேன்?”

“பழசெல்லாம் வித்துப் போச்சே சார். யாராவது தெரிஞ்சவங்ககிட்ட இருந்தா கேட்டுப் பாருங்க.”

பக்கத்தில் நின்ற மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “என் தம்பிகிட்ட இருக்கே” என்றாள். அது பல்செட்காரருக்கும் தெரியும். அதுதான் அவருடைய கஷ்டமே.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார்கள்.

“வாங்க மாமா! அவசரக்குடுக்கை வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?”

“மாப்ள, உன் பிராசசரைக் கொஞ்ச நேரம் இரவல் குடுப்பா.”

“என்ன மாமா, சைக்கிள் கேக்கிற மாதிரி கேக்கிறீங்க!” என்றாலும் அவனுக்கு வாயெல்லாம் சந்தோஷம். தன் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்தான்.

பிராசசர்மேல் இருந்த விசிறி பசைபோல ஒட்டியிருந்தது. பல்செட்காரர் ஆட்டி ஆட்டி இழுக்க, பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு வேரோடு வந்துவிட்டது. அதன் அடியில் ஊசிபோன்ற கம்பிகள் சில வளைந்து கிடந்தன. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“போச்சு! என் கம்ப்யூட்டரும் போச்சு!”

“பதறாதே மாப்ள.” நல்லவேளை, திருகாணி கழற்றுவதற்காக லேப் கருவிப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி, மெல்லிய இடுக்கியால் ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தினார். தம்பி மூச்சுவிடாமல் பார்த்தான். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “வாயைக் கொப்பளிக்கத் தண்ணி கொண்டு வரவா அண்ணா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

நிமிர்த்திய பிராசசரை இவருடைய போர்டில் வைத்தார்கள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தது. திரையில் எழுத்து தெரிந்தது. அப்டேட் ஓட ஆரம்பித்தது.

“இது முடியிற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது. போச்சுன்னா போர்டும் போச்சு” என்றார் பல்செட்காரர்.

அடுப்படியில் தம்பி மனைவி, அடிக்கடி ஃபியூஸைப் போக்கும் மிக்ஸியின் சுவிட்சில் கை வைத்தாள்.

“வேண்டாம்!” என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவள் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். திரையில் கோடு நிரம்பி முடிகிற வரை கையை இறக்கவேயில்லை.

பிறகு இவருடைய புது பிராசசர் உயிர் பெற்றது. தம்பியுடையது பத்திரமாக அதன் இடத்துக்குத் திரும்பியது. புதிதின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் குரல் மெதுவாக இறங்கியது.

“மாமா, இது என் போர்டுலயும் உட்காருமா?”

“தாராளமா உட்காரும் மாப்ள. ஆனா அவசரப்படாதே, இதைவிட நல்லது ஒண்ணு வரப்போகுதாம்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்து, கை கழுவிவரப் போனார் பல்செட்காரர். திரும்பி வந்தபோது மனைவி நாற்காலியில் அமர்ந்து, ரவிக்கைக் கழுத்து வெட்டுவது எப்படி என்று யாரோ சொல்லித் தரும் வீடியோவில் மூழ்கியிருந்தாள்.

“கொஞ்சம் எழுந்திரேன்.”

“இருங்க, கை வெட்டுறதும் வருது” என்றாள் திரும்பிப் பார்க்காமல். அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.