'அடமன்ட்' என்றால் நான்

என் மனைவி எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க", அப்புறம் "விடுங்க". வேலையிடத்தில் நாள் முழுக்க இதுதான் பேச்சு. மிச்சப் பேச்செல்லாம் வீட்டுக்கு வந்து என் தலையில் கொட்டுவாள்.

அவளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்கும் ஆசை வந்தது. இரண்டு வருடப் படிப்பு. அதற்கு ஆங்கிலச் சொற்களாகக் கேட்டுக் குடையும் ஒரு தேர்வு. முதல் தடவை மயிரிழையில் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் விட்டால் கிடைக்கவிருக்கும் இடம் கைநழுவிப் போய்விடும். போகட்டுமே என்றுதான் எனக்கு இருந்தது. அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்பதற்காக ஃபிரிட்ஜோடு பேசிக்கொண்டிருக்க முடியுமா?

அந்தச் சொற்கள் வாயில் நுழைகிற சங்கதியா? பார்த்தாள், எல்லாவற்றையும் தமிழுக்குள் இழுத்துப் போட்டுவிட்டாள். 'கேண்டர்' என்றால் ஒளிவுமறைவில்லாத பேச்சு; கண்டார், கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். 'பிளகேட்' என்றால் சமாதானப்படுத்துவது. பிள்ளை கேட்டு அழுதால் வேறென்ன செய்வதாம்? 'விலிஃபை' என்றால் இல்லாததும் பொல்லாததும் சொல்வது. அதைச் சொல்ல ஒரு வில்லி வேண்டுமே, அது யார் என்று என் அம்மா ஆசையாகக் கேட்டாள். மருமகள் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டாள். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் என்ன பாவம் செய்தேன்?

'அடமன்ட்' நான். அடம் பிடிக்கிறவன். அந்தச் சொல்லைப் பார்த்தாலே என் மூஞ்சி கண்முன்னால் வந்து நிற்கிறதாம்.

தேர்வு நெருங்க நெருங்கப் பைத்தியம் முற்றியது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் நெஞ்சு எக்ஸ்ரேக்கு வந்தார். அவரை மூச்சைப் பிடிக்கச் சொன்னவளுக்கு அந்த நேரம் பார்த்து 'பிளகேட்' மறந்துபோயிற்று. பிள்ளை கேட்டது சரி, அப்புறம் என்ன என்று கண்ணாடிக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே நின்றிருக்கிறாள். மனிதர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். விடச் சொல்லாமல் விடவே இல்லை. முகம் சிவந்து, கண் பிதுங்கி, முழங்கால் மடங்கிய பிறகுதான் இவளுக்கு 'விடுங்க' ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, கெஞ்சிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தவள், திடீரென்று அவர் காதருகே "பிளகேட்!" என்று கத்தியிருக்கிறாள். டாக்டர் கூப்பிட்டு நன்றாக டோஸ் விட்டார்.

இதுதான் சமயமென்று, படிப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று நானும் கத்தினேன்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கலையா? கண்டதைச் சொல்லுங்க" என்றாள்.

நான் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, தண்ணீர் தேடுகிற மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேர்வு அன்று மையத்தின் வாசலில் காத்திருந்தேன். மார்க் உடனே திரையில் வந்துவிடும் என்று சொல்லியிருந்தாள். வெளியே வந்தாள்.

"கடைசியில அடமன்ட் கேட்டான். உங்களை நெனச்சேன், டக்குனு போட்டுட்டேன். இடம் கிடைச்சிடும்."

அவளை வெளிநாட்டுக்கு அனுப்ப என் மூஞ்சிதானா கிடைத்தது! சிரிக்கத்தான் பார்த்தேன். இழுத்த மூச்சை விடாமல் நின்றேன். எக்ஸ்ரேக்கு வந்தவனைப் பார்க்கிற மாதிரி என் நெஞ்சைப் பார்த்தாள்.

"ரொம்ப நேரமா பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க" என்றாள். "விடுங்க."

விட்டேன். மூச்சோடு சேர்ந்து, அன்று ஃபிரிட்ஜ் முன்னால் சொல்லாததும் வெளியே வந்துவிட்டது.

"பிடிக்கலை" என்றேன். "போயிட்டு வா."