யார் வீட்டுக் குழம்பு

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக என் சமையலறையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் அறந்தாங்கியிலிருந்து அம்மா அரைத்து அனுப்பும் குழம்புத்தூள். இன்னொன்றில் இலுப்பூரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பும் குழம்புத்தூள். மீன் வாங்கினால் அம்மா டப்பா, கறி எடுத்தால் மாமியார் டப்பா. எட்டரைக்குள் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ஒன்பதரைக்குள் புதுக்கோட்டை அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டியவளுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் என் கணவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "அப்பிடியே எங்கம்மா கொழம்பு" என்பார். என் தம்பி வந்தால், "நம்ம வீட்டுக் கொழம்பேதான்க்கா" என்பான். இரண்டு பேரும் பாராட்டத்தான் செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் பரிமாறினேன்.

போன மாசியில் ஒருநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது, பக்கத்து இருக்கை அக்கா என் குழம்பில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இன்னைக்கு அம்மா வீடா, மாமியா வீடா? ஒங்க கொழம்ப எப்பத்தான் கொண்டாருவீங்க?"

கேலிக்குத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. புளி கரைத்தது நான், தாளித்தது நான், அடுப்படியில் வெந்தது நான். அப்புறம் எப்படி அது இன்னொருவருடைய குழம்பாகும்? அந்த அக்காமேல் எனக்குக் கோபமில்லை. பதில் சொல்லத் தெரியாத என்மேல்தான் ஆத்திரமாக வந்தது. அன்றிலிருந்து எந்த டப்பாவைத் திறந்தாலும் எரிச்சல்.

சித்திரை வெயில் தொடங்கியதும் மிளகாயும் மல்லியும் வாங்கி மாடியில் காயப்போட்டேன். அம்மாவிடமும் அளவு கேட்கவில்லை, மாமியாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அது அவர்கள் பொடியாகிவிடும் என்று ஒரு வீம்பு. அரைக்கிற அன்று ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லியிருந்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். அதற்குள் மாவு மில்லில் அரைத்தாக வேண்டும். கடைசியாக வெந்தயத்தை வறுத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் போன் செய்தார். ஏதோ ஒரு ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்தாக வேண்டுமாம். சொல்லிவிட்டுத் திரும்பினால் வெந்தயம் கறுத்துக் கிடந்தது. வீட்டில் வேறு வெந்தயம் இல்லை, கடைக்கு ஓட நேரமும் இல்லை. இரண்டு கைப்பிடிதானே என்று மற்றவற்றோடு கொட்டிவிட்டேன்.

"எப்பிடி அரைக்க? நைசாவா, கொரகொரன்னா?" என்றார் மில்லுக்காரர்.

அம்மா பொடி நைஸ், மாமியார் பொடி கொரகொரப்பு. எனக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"வெரசாச் சொல்லுங்கம்மா, கரண்டு போயிரும்."

"ரெண்டுக்கும் நடுவுல அரைங்க" என்றேன், அவரோடு சண்டைக்குப் போகிறவள்போல.

நான்கு கிலோ வந்தது. முதல் குழம்பே கசந்தது. மறுநாள் புளியைக் கூட்டினேன். அதற்கடுத்து வெல்லம் போட்டேன். தேங்காய்ப்பால்கூட ஊற்றிப் பார்த்தேன். வண்டி ஓட்டும்போதும் அதே யோசனை, கம்ப்யூட்டர் முன்னாலும் அதே யோசனை. மகள் பிழைக்கத் தெரிந்தவள். பேசாமல் தயிர் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். ஒரு வாய் வைத்ததுமே அவர் முகம் மாறியது.

"வெந்தயத்தக் கருக்கிப்புட்டியாத்தா?"

குரலில் குத்தல் ஏதுமில்லை. எச்சில் கையைக் கழுவிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார்.

"நம்ம பொடி ரெண்டு கரண்டி போட்டு ஒரு கொதி விட்டா சரியாப்போயிரும்."

நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் கை சட்டிக்கு மேலே போனபோது, மூடியை எடுத்து டமாரென்று மூடினேன்.

"வேணாம் அத்தை. கசந்தாக் கசந்துட்டுப் போகட்டும். இது என் கொழம்பு."

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொட்டலத்தை மடித்தார்.

"அதுக்கு ஏன் இப்பிடிக் கத்துற?" என்றபடி திரும்பிப்போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே மிச்சச் சோற்றைத் தின்ன ஆரம்பித்தார்.

எனக்கு அழுகையும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் ருசியாக வந்த எந்தக் குழம்பையும் நான் என்னுடையது என்று சொன்னதில்லை. முதன்முதலாகச் சொந்தம் கொண்டாடியது கசந்துபோன ஒரு குழம்புக்கு. நானும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை நிறைய ஊற்றிக்கொண்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

சகிக்கவில்லை. வழித்துச் சாப்பிட்டேன்.