மதுரைச் சுற்றில் சீனி இல்லாமல்

திங்கள்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் திருச்சி பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி ஏறப் போகும்போது என் கணவர் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"சரோஜா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வீட்டுக்குத் திரும்பிப் போயிடு. பம்புசெட் விக்கிறதுல நீ என்னத்தைப் பாக்கப் போறே?"

"பம்புசெட்டைப் பாக்க வரல. நீங்க சாப்பிடுறதைப் பாக்க வர்றேன்."

எண்பத்தொன்றாம் வருஷம், தை மாதம். பொங்கல் கழிந்த வாரம். இவர் ஒரு மோட்டார் பம்புசெட் கம்பெனியின் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் மதுரையும் அதைச் சுற்றிய ஊர்களும்தான் இவருக்கு வீடு. ஐப்பசியில் இவருக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னார். சீனி கூடாது, சோற்றைக் குறைக்க வேண்டும், காலையில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் சொன்னார், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து என் சமையலறையே தலைகீழாக மாறிப்போனது. சீனி டப்பா பரணுக்குப் போனது. ராத்திரிக்குக் கோதுமை. பகலில் கீரையும் பாகற்காயும். வீட்டில் இருக்கும் நாட்களில் சோதனைக் குழாயில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தால் பச்சையோடு நின்றுவிடும். மதுரை போய்வந்த மறுநாள் அதே குழாய், சர்க்கரை ஏறிவிட்டது என்று காட்டி, செங்கல் நிறத்தில் நிற்கும். காலில் செருப்பு கடித்த புண் மார்கழி முழுக்க ஆறவே இல்லை. கேட்டால், "வெளியில ஒண்ணுமே சாப்பிடுறதில்லை" என்பார். பிள்ளைகளை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நானும் கிளம்பிவிட்டேன்.

விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர். நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வண்டி நிற்கும் இடமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தட்டுகள் உயர்ந்தன: முறுக்கு, அதிரசம், கடலை மிட்டாய், கமர்கட். அவர் பார்க்கிறாரா என்று நான் பார்த்தேன். நான் பார்க்கிறேனா என்று அவர் பார்த்தார். இப்படியே மதுரை வந்து சேர்ந்தோம்.

டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ் அறை இருபது ரூபாய். பெட்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கியதுதான் தாமதம், தெருமுனையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றவர் எங்களைக் கண்டதும் கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கண்ணே! போன வாட்டி மாதிரி கருப்பட்டி தூக்கலாத்தானே?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தெருவிளக்கைப் பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா. உடம்பு சரியில்ல."

"அட, உடம்பு சரியில்லன்னாத்தாண்ணே இதைக் குடிக்கணும்!"

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. ஒரு தெருமுனையிலேயே இப்படி என்றால் இந்த ஊரில் இன்னும் எத்தனை தெருமுனை!

செவ்வாய் காலை பரவைக்குப் போனோம். திண்டுக்கல் சாலையில் டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். சந்தைக்கு வந்த வெங்காய மூட்டைகளைத் தாண்டி, இவரிடம் பம்புசெட் வாங்கி விற்கும் ராமையாவின் கடைக்குப் போய் உட்கார்ந்தோம். இவரை 'மாப்ள' என்று கூப்பிடும் பெரிய மனிதர் அவர். அதனால் என்னைக் கேட்காமலே தங்கையாக்கிக்கொண்டார்.

"வா தங்கச்சி. மாப்ள உன்னையெல்லாம் கூட்டிட்டு வருவான்னு நெனைக்கவே இல்ல." திரும்பிப் பார்த்து, "மூணு காப்பி! ஸ்ட்ராங்கா!" என்றார்.

"அவருக்குச் சீனி இல்லாம," என்றேன்.

ராமையா சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "என்ன மாப்ள, சுகரா? ஏம்ப்பா சொல்லல? மாசா மாசம் வந்து ரெண்டு காப்பியும் அல்வாவும் தின்னுட்டுத்தானே போனே?"

"நீங்க ஆசையாக் குடுக்கறீங்க. எப்படிண்ணே வேண்டாம்ங்கறது?"

"தங்கச்சி, நான் சொல்றேன் கேட்டுக்க. என் கடையில கை நனைக்காதவனுக்கு நான் ஆர்டர் குடுத்ததில்ல. இங்கெல்லாம் அப்படித்தான் பழக்கம். அதுக்காக ஒரு மனுசனைக் கொல்லவா முடியும்? மோர் குடிப்பானா?"

"மோர் நல்லதுங்க."

"மூணு மோர்!" என்று மறுபடி சத்தம் போட்டார். இஞ்சியும் உப்பும் போட்ட மோர் வந்தது. ஆர்டரும் வந்தது. வெளியே வந்ததும் இவர், "பாத்தியா, ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார், ஏதோ தானே சாதித்தது போல. எனக்கு நிம்மதி ஏற்படவில்லை. இது தெரிந்த கடை. எல்லா வாசலிலும் நான் நின்று மோர் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

மத்தியானம் அலங்காநல்லூர்ப் பக்கம் போனோம். சாலை நெடுகக் கரும்பு வண்டிகள். பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. நடுச்சாலையில் உதிர்ந்து கிடந்த கரும்பின் மேல் டயர் ஏறி நசுக்கிய வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அன்று எனக்கு அந்த வாசனைகூட எதிரியாகத் தெரிந்தது.

இறங்கி வாய்க்கால் கரையில் நடந்தால் கருப்பையாவின் கிணறு. அவர் வீட்டார் தலைமுறையாகப் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். கருப்பையா காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அதில் கிணறு, கிணற்றில் என் கணவர் கம்பெனி மோட்டார். அன்றைக்குத்தான் முதல் தண்ணீர். மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். கருப்பையா சுவிட்சைப் போட்டார். குழாய் இருமியது, செம்மண் கலங்கலாகக் கக்கியது, பிறகு தெளிந்து பாய்ந்தது. அவர் மனைவி பேச்சியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு வாழையிலையைப் போட்டார். இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல். நெய் மினுங்கியது.

"ஏங்க," என்றேன் மெதுவாக.

இவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஊர்த் தெருக்காரங்க இவங்க கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கமாட்டாங்க சரோஜா. நாம வேண்டாம்னா இவங்க வேற மாதிரிதான் எடுத்துக்குவாங்க."

பேச்சியம்மா ஏற்கெனவே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். கரண்டி பாதியில் நின்றது. முகம் இறுகியது. "பரவாயில்லங்கம்மா. வேணாம்னா விட்ருங்க. மனசுல ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

நான் சட்டென்று உட்கார்ந்தேன். "அவருக்குச் சர்க்கரை நோய்ம்மா. டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார். எனக்கு ஒரு நோயும் இல்ல. போடுங்க. அவருக்கு வேற என்ன இருக்கு வீட்டில? நீங்க சாப்பிடறது எதுவா இருந்தாலும் சரி."

"நாங்க காலையில குடிச்ச கேப்பைக் கூழுதாம்மா கெடக்கு. அதப் போயி உங்களுக்கு..."

"அதுதான் அவருக்கு நல்லது."

"இத்தன வருசமா அம்புட்டு நாளும் அதத்தாம்மா குடிச்சோம். இன்னைக்காச்சும் விருந்தாளிக்கு நெல்லுச்சோறு போடலாம்னு பாத்தா..." அவர் குரலில் இருந்தது கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உள்ளே போய்க் கூழும் முருங்கைக்கீரைத் துவட்டலும் கொண்டுவந்தார். இவர் பொங்கலில் ஒரு வாய் எடுத்து எல்லோரும் பார்க்க உண்டார். பிறகு கூழ் குடித்தார். மீதிப் பொங்கலை நான் தின்றேன். என் இலை, அவர் இலை இரண்டையும். கடைசிக் கவளத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பேச்சியம்மா அப்போதுதான் சிரித்தார். "நல்லாத் திங்கிறாங்கப்பா திருச்சிக்காரம்மா!"

மதுரைக்குத் திரும்பியதும் இவர் லாட்ஜ் படியேறும்போது வெடித்தார்.

"போற வீடெல்லாம் என் நோயைச் சொல்லி அழுவியா? நாளைக்கு நீயா எடுத்துக் குடுக்கறதைத் தவிர ஒண்ணும் வாயில வைக்கல. போதுமா?"

"போதும்," என்றேன். நானும் சும்மா இருந்திருக்கலாம்.

புதன் காலை விடிந்ததும் மாத்திரையை விழுங்கினார். கீழே ஓட்டலில் பொங்கலும் பூரியும்தான் ஆகியிருந்தது. இட்லிக்கு இன்னும் நேரமாகும் என்றார்கள். அன்று இவருக்கு மேலூரில் வேலை. முப்பது கிலோமீட்டர்தானே, போய் இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். சீனி இல்லாத காப்பியோடு ஏறினோம்.

ஒத்தக்கடை தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். வந்த வண்டிகளெல்லாம் நிரம்பி வழிந்தன. எங்களோடு வந்த ஒரு அம்மாள், பஸ்ஸில் ஏறியதிலிருந்தே என் காதோடு பேசிக்கொண்டு வந்தவர், பையிலிருந்து அவித்த சீனிக்கிழங்கை எடுத்து நீட்டினார். "சாப்புடுங்க தாயி. வண்டி எப்ப வருமோ."

சர்க்கரைவள்ளிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். பெயரிலேயே சீனி. நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். இவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். வெயில் என்று நினைத்தேன்.

ஒருவழியாக இன்னொரு வண்டியில் தொற்றிக்கொண்டு மேலூர் வந்து இறங்கியபோது இவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஓட்டல் அந்தப் பக்கம்," என்றேன். "எனக்குத் தெரியும், விடு!" என்று கையை உதறினார். உதறிய கை நடுங்கியது. பிறகு எதிரே நின்ற சிவகங்கை பஸ்ஸை நோக்கி நடந்தார். "எங்கே போறீங்க?" என்று ஓடினேன். திரும்பி என் முகத்தைப் பார்த்து, "மல்லிகா, அப்பா வந்துட்டாரா?" என்றார். மல்லிகா அவர் தங்கை. அவர் அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது.

அடுத்த அடியில் கால் மடங்கி, டீக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, வியர்வை சொட்டியது. டீக்கடைக்காரர் ஓடிவந்து கிளாஸில் தண்ணீர் ஊற்றி நாலு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கினார். "குடிக்கச் சொல்லுங்க. வெயில் மயக்கம்."

"சீனி வேண்டாம்! அவருக்குச் சுகர்!" என்று கிளாஸின் வாயை என் உள்ளங்கையால் மூடினேன்.

எங்களோடு அதே வண்டியில் வந்து இறங்கியிருந்த, கிழங்கு கொடுத்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சுகரா? மாத்திரை போட்டாரா?"

"காலையிலேயே போட்டுட்டார்."

"அதுக்கப்பறம் என்ன சாப்புட்டாரு?"

"ஒண்ணும் இல்ல."

"கையை எடு தாயி! எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் வந்துச்சு. மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா ரத்தத்துல இருக்குற சீனி அம்புட்டும் எறங்கிப் போயிரும். இப்பச் சீனிதான் மருந்து. குடு!"

ஒரு பக்கம் திருச்சி டாக்டர். இன்னொரு பக்கம் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்பிள்ளை. நடுவில் என் கை. இவர் கண் என்னைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையை எடுத்தேன். கிளாஸை நானே வாங்கி, தலையைத் தாங்கிப் பிடித்து, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தேன். மாதக்கணக்காக வீட்டில் இவர் வாயில் ஒரு துளி விழாமல் காத்த சீனியை என் கையாலேயே ஊட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இமை அசைந்தது. வியர்வை அடங்கியது. இவர் சுற்றிலும் பார்த்து, "ஏன் சரோஜா எல்லாரும் நிக்கிறாங்க? பஸ் வந்துருச்சா?" என்றார். நான் அழுதுவிட்டேன், நடுத்தெருவில், வெட்கமில்லாமல். டீக்கடைக்காரர் ஒரு பன்னைக் கொண்டுவந்து நீட்டினார். இவர் என்னைப் பார்த்தார். "சாப்பிடுங்க," என்றேன்.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். இளவயது லேடி டாக்டர். நாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும்னு யாரும் சொல்லலையா?"

"என்ன சாப்பிடக்கூடாதுன்னுதான் சொன்னாங்க டாக்டர்."

"அது பாதிதாம்மா. சர்க்கரை கூடினா மெதுவாக் கெடுக்கும். இப்படி இறங்கினா உடனே ஆளைச் சாய்ச்சிடும். ஊர் ஊராச் சுத்தறவர் பையில எப்பவும் ஏதாவது இருக்கணும். கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, ஒரு கொய்யா. ஓட்டல்ல இட்லி, நிறைய சாம்பாரோட. மத்தியானம் சோறு கொஞ்சம், காய் நிறைய, மோர். அல்வா வேண்டாம். ஆனா பட்டினி அதைவிட வேண்டாம்." சாயங்காலம்வரை படுக்கவைத்துப் பார்த்தார். மறுநாள் காலை மாத்திரை கூடாது, திருச்சி டாக்டரிடம் உடனே போங்கள் என்றார். வெளியே வந்து அந்த அம்மாளைத் தேடினேன். அவர் எப்போதோ பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார். எந்த ஊர் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

திருச்சி பஸ்ஸில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். நான் தூங்கவில்லை. என் வீட்டில் அடுப்பு ஒன்றுதான். அதில் என்ன வேகிறது என்பது என் கையில் இருக்கிறது. இவர் பிழைக்கிற அந்த மதுரைச் சுற்றில் எத்தனையோ அடுப்பு, எத்தனையோ கை. எல்லாம் இவரை உபசரிக்கிற கைகள். அவற்றில் ஒன்றுகூட இவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இத்தனை அன்பிலிருந்து ஒரு மனிதனை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் இரண்டு நாளாகத் தவித்தேன். மூன்றாம் நாள் அதே அன்பு ஒரு கிளாஸோடு வந்து நின்றபோது என் கை அதைத் தடுத்தது.

திருச்சி டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். காலில் புண் ஆறத் தொடங்கியது. மாசி மாதம் ஒரு திங்கள்கிழமை இவர் மறுபடி மதுரைக்குக் கிளம்பினார். இந்த முறை நான் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை போனேன். அவித்த கொண்டைக்கடலையை ஒரு தூக்கில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. முன்பெல்லாம் இவரை அனுப்பும்போது அதைத் தின்னாதீர்கள், இதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்லுவேன். அன்று என் கால்கள் தானாக வண்டியோடு ஓடின.

"ஏங்க! நேரத்துக்குச் சாப்பிடுங்க!"

ஜன்னலோரத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கூடவே இவரும் சிரித்தார். வண்டி கண்ணுக்கு மறையும்வரை நான் கத்திக்கொண்டே நின்றேன்: "சாப்பிடுங்க! சாப்பிடுங்க!"