அக்கா அழவில்லை

அந்தக் கலைக்கூடத்தின் லிஃப்ட், கூட்டம் கூடுகிற நாளாகப் பார்த்துத்தான் மக்கர் பண்ணும். அதனால் புதுக் கண்காட்சி தொடங்குகிற மாலைகளில் மெக்கானிக் அங்கேயே நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. ஐம்பத்திரண்டு வயது மனிதர். நீலச் சீருடை, முதுகில் கம்பெனி பெயர், காலடியில் கருவிப் பெட்டி. மூன்றாவது மாடியில் லிஃப்டுக்கு எதிர்த் தூணோரம்தான் அவர் இடம்.

அங்கே நின்றால் வருகிறவர்கள் எல்லோரையும் பார்க்கலாம். "எவ்வளவு நாளாச்சு!" என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மட்டும் தோளுக்கு மேலே எட்டி, இதைவிடப் பெரிய ஆள் யாராவது வந்திருக்கிறாரா என்று தேடும். சுவரில் மாட்டியிருப்பதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. மெக்கானிக்கும் பார்த்ததில்லை. அவர் கவலை, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்பது மட்டும்தான்.

ஒரு புதன்கிழமை, கதவு மூடுவதும் திறப்பதுமாக அடம்பிடித்தது. சென்சாரில் யாரோ பழரசத்தைக் கொட்டியிருந்தார்கள். துடைக்கத் துணி தேடி உள்ளறைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். இருட்டான அறை. எதிர்ச் சுவர் முழுக்க அவருடைய அக்கா.

பத்தொன்பது வயது அக்கா. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிது. தலையில் ஹெட்செட், முன்னால் துளை துளையாக இணைப்புப் பலகை, கையில் ஒயர். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் அவள், தாயில்லாத எட்டு வயதுத் தம்பிக்குத் தலை வாரிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். சுவரில் அந்த முகம் மெல்ல மெல்ல அசைந்தது. உதடு துடித்தது. கண் நிறைந்தது. தலை குனிந்து தோள் குலுங்கியது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

பக்கத்தில் ஒரு அட்டை: "பெயர் தெரியாத பெண் ஊழியர். பழைய ஆவணப்படத்தின் ஒன்பது விநாடிகள், பதினொரு நிமிடமாக நீட்டப்பட்டவை. இயந்திரத்தின் வாயில் சிக்கிய ஒரு தலைமுறையின் ஓசையற்ற அழுகை."

முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் நேரே ஓவியரிடம் போனார். கறுப்புச் சட்டை, தாடி, சுற்றிலும் ஏழெட்டுப் பேர். அந்தப் படைப்பைச் செய்தவர் அவர்தான்.

"சார், அந்தப் படத்துல இருக்கிறது வந்து..."

"லிஃப்ட் சரியாயிடுச்சா?"

"ஆயிடும் சார். அதுல இருக்கிறவங்க எங்க..."

"சீக்கிரம் பாருங்க. தலைமை விருந்தினருக்கு மூட்டு வலி. படியேற மாட்டாரு."

கலைக்கூடத்தின் இயக்குநர் அம்மாளிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், அது எங்கள் அக்கா என்று. "அப்படியா! ரொம்ப சுவாரஸ்யம். ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்களேன்" என்று அவர் சொன்னார். 'அப்படியா' மட்டும்தான் மெக்கானிக்குக்கு. மீதி, அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த யாருக்கோ சிரித்த சிரிப்போடு போய்விட்டது.

மறுநாள் காலை, கைபேசியில் எடுத்து வந்ததை அக்காவிடம் காட்டினார். அவளுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடப்பாவிங்களா, நான் எங்கடா அழுதேன்? அந்தப் படம் புடிக்கிற ஆளு பின்னாலயே நடந்து போனான் பாரு, போயி குப்பைக் கூடைக்குள்ள உட்கார்ந்துட்டான். எழுந்திருக்க முடியல. எனக்குப் பின்னாடி சூப்பர்வைசரம்மா நிக்குறா. சிரிச்சா தொலைஞ்சேன். அடக்கி அடக்கி விலாவே நோவெடுத்துப் போச்சு."

பிறகு அட்டையைப் பெரிதாக்கிப் படித்தாள். சிரிப்பு நின்றது. "பேர் தெரியாதவளாமா? முப்பத்தெட்டு வருஷம் தினமும் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். யாராவது போயிப் பார்த்தாங்களா?"

மெக்கானிக் மெயில் போட்டார். பதில் இல்லை. இன்னொன்று போட்டார். அதற்கும் இல்லை. லிஃப்ட் நின்றுபோனால் மட்டும் பத்து நிமிடத்தில் நாலு போன் வரும். இதற்கு ஒரு வரி எழுத அங்கே ஆளில்லை.

இரண்டு வாரம் கழித்து, திரைப்படக் காப்பகத்தின் அரங்கில் அந்தப் பழைய ஆவணப்படத்தை முழுசாகப் போடுகிறார்கள், ஓவியரும் பேசுகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மெக்கானிக் லீவு போட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அக்காவை அழைத்துப் போனார். சீருடை இல்லாவிட்டால் காது கொடுப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

படம் தொடங்கும் முன் எல்லோரும் கூடத்தில் கண்ணாடிக் குவளையோடு நின்றார்கள். கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர் தாமாகவே வந்து பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"இன்ஸ்டலேஷன், சர்வீஸ் ரெண்டும் பண்றேன்."

"இன்ஸ்டலேஷன் ஆர்ட்டா! அருமை. எங்கெல்லாம் பண்ணியிருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி, பேங்கு, ரெண்டு ஜவுளிக்கடை."

"சனங்க புழங்குற இடத்துலயே போய்ப் பண்றீங்க! இந்தத் துணிச்சல் இங்க யாருக்கு இருக்கு? மக்கள் எப்படி எடுத்துக்கறாங்க?"

"மேலயும் கீழயும் போகும்ல, அதனால சந்தோஷமாத்தான் எடுத்துக்கறாங்க. லிஃப்ட் சார்."

அவர் தம் குவளைக்குள் ஏதோ தொலைந்துபோனது போல் குனிந்து பார்த்தார். "இதோ வந்துடறேன்" என்று போனவர் வரவேயில்லை. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெக்கானிக்குக்குக் காது மடல் சுட்டது.

படம் ஓடியது. ஒலி அழிந்துபோன பிரதி. வரிசையாகப் பதினான்கு பெண்கள் இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்க, கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "இவ குண்டூசி. இவ பாட்டுக்காரி, லைன் காலியா இருந்தா பாடிக்கிட்டே இருப்பா. ஐயோ, இவ நம்ம கோபக்காரிடா! பிரசவத்துல போயிட்டாளே..." குரல் தானாக உயர்ந்தது. முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி "ஷ்ஷ்" என்றார். பக்கத்திலிருந்தும் ஒரு "ஷ்ஷ்". அந்த அரங்கில் திரையில் இருப்பவர்களைத் தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டாள். மெக்கானிக் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு வந்ததும் கேள்வி நேரம். மெக்கானிக் முதல் ஆளாகக் கை தூக்கினார். மைக் அவரைத் தாண்டி ஒரு பேராசிரியரிடம் போனது. அவர் ஏழு நிமிடம் பேசினார். கேள்வி எங்கே இருக்கிறது என்று ஓவியரே தேடினார். தேடிப் பிடித்துப் பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது, எல்லோரும் வெளியே வாருங்கள், ஏதாவது குடிக்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அக்கா காத்திருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஓவியர் முன்னால் நின்றாள். "தம்பி, அது நான்தான்."

ஓவியர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார், அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. நாலு பேர் போட்டோ எடுத்தார்கள்.

"நான் அழல தம்பி. சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தேன்."

"அம்மா, சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு கோடு."

"கோடும் இல்ல ஒண்ணும் இல்ல. குப்பைக் கூடை இருந்துச்சு. அதுக்குள்ள ஒருத்தன் இருந்தான்."

ஓவியர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "எவ்வளவு பெரிய வலியை எவ்வளவு லேசா சொல்றாங்க பாருங்க!" எல்லோரும் தலையாட்டினார்கள்.

மெக்கானிக் பொறுத்தது அதுவரைக்கும்தான். "அவங்க சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்குங்கய்யா! அவங்க மூஞ்சி, அவங்களுக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டார். ஒன்றிரண்டு தலைகள் திரும்பின. யாரோ இருமினார்கள். அப்புறம் பேச்சுச் சத்தம் பழையபடி எழுந்து அவரை மூடிக்கொண்டது. அங்கே வந்திருந்த கலைக்கூடத்து இயக்குநர் அம்மாள் அவரைத் தனியே அழைத்துப் போய், அட்டையில் திருத்தம் வேண்டுமானால் விண்ணப்பம், பழைய அடையாள அட்டை, கூட வேலை பார்த்த இரண்டு பேருடைய சாட்சிக் கடிதம் எல்லாம் வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். தப்பாக எழுத ஒரு காகிதமும் தேவைப்படவில்லையே என்று மெக்கானிக் கேட்கத்தான் நினைத்தார். அதற்குள் அந்த அம்மாள் வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டார்.

வாசலில் ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். காப்பகத்தில் பழைய படங்களுக்கு அட்டவணை எழுதுகிறவள். கையில் கிழித்த காகிதம். "உங்களுக்குப் பின் சீட்டுலதான் இருந்தேன். நீங்க சொன்னதை இருட்டுலயே எழுதிக்கிட்டு வந்தேன், அவங்க அதட்டினதும் நிறுத்திட்டீங்க. மீதிப் பேரையும் சொல்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் அக்கா வீட்டுக்கு வந்தாள். கணினியில் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். அக்கா அந்தப் பதினான்கு பேரில் பதினோரு பேரின் உண்மைப் பெயர், ஊர், யார் எப்போது ஓய்வு பெற்றார், குப்பைக் கூடை சமாச்சாரம் என்று மூன்று மணி நேரம் சொன்னாள். காப்பகத்தின் அட்டவணையில் இன்று அதெல்லாம் ஏறிவிட்டது.

கலைக்கூடத்து அட்டை மட்டும் மாறவில்லை. விண்ணப்பம் மேஜைக்கு மேஜை நகர்வதற்குள் கண்காட்சி முடிந்துவிட்டது. அந்தப் படைப்பை வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று வாங்கிக்கொண்டது, பழைய வாசகத்தோடு. ஓவியரிடமிருந்து ஒரே ஒரு மெயில் வந்தது: பெயர் இல்லாமல் இருப்பதுதான் இந்தப் படைப்பின் உயிர், பெயர் போட்டால் அது வெறும் உங்கள் அக்காவாகிவிடும் என்று. மெக்கானிக் அதை நாலு தடவை படித்தார். நாலு தடவையும் கோபம் புதிதாக வந்தது.

அக்காவுக்கு இப்போதெல்லாம் அழைப்பிதழ் வருகிறது. ஒன்று விடாமல் போகிறாள். சுவரில் இருக்கிற எதையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, செய்தவரைத் தேடிப் பிடித்து, "இது யாரு? அவங்ககிட்டக் கேட்டீங்களா?" என்கிறாள். சிலர் நழுவுகிறார்கள். ஒரு சிலர் உட்கார்ந்து பதில் சொல்கிறார்களாம். "அவனுங்க மோசமில்லடா, பேசிப் பழகணும்" என்கிறாள் தம்பியிடம்.

தம்பிக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. அந்தக் கட்டடத்தை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டார். அருங்காட்சியகத்துக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறார். இதுவரை பதில் இல்லை.