துடைப்பம் மூடிய புகார்

அலுவலகத்தில் அவனுக்குத் துடைப்பம் என்று பெயர். வேலையைத் தொடங்குமுன் மேசையில் பழைய டம்ளர் இருக்கக் கூடாது, திரையில் பழைய குப்பை இருக்கக் கூடாது. அவன் பொறுப்பில் இருந்தது டீபக்கர்: அடுத்தவர் எழுதிய புரோகிராமை வேண்டிய வரியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவி. நிறுத்தும் இடத்துக்கு பிரேக்பாயிண்ட் என்பார்கள்.

ஒரு மாடி கீழே அவன் அக்கா, லிஃப்டை ஓட்டும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். அவனை அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான்.

போன வருடம், வாடிக்கையாளர்களை ஏற்றிக் காட்டும்போது அவள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. உள்ளே ஆறு பேர், இரண்டு மணி நேரம். பிரேக்பாயிண்ட்டை எடுக்காமல் விட்டுவிட்டாள் என்று பழி. "நான் எடுத்துட்டேன். டீபக்கர்தான் எடுக்கலை" என்று அவள் புகார் கொடுத்தாள். புகார் தம்பியிடம் வந்தது. அவன் வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒரே ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து எடுத்துப் பார்த்தான். புரோகிராம் ஒழுங்காக ஓடியது. 'கருவியில் தவறில்லை' என்று எழுதி மூடினான். அக்காவுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். நேர்மையாம்! அந்த இரண்டு சொல்லைக் காட்டித்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பதினோரு மாதம் அவனோடு அவள் பேசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்த நேரத்தில் அம்மாவிடமிருந்து போன். பேசிவிட்டு வந்தவன், வைத்ததை மறந்து அதே வரியில் இன்னொன்று வைத்தான். பிறகு இரண்டையும் எடுத்தான். திரையில் ஒன்றும் இல்லை. புரோகிராமோ நகரவில்லை.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. டீபக்கர் அந்த இடத்துக் கட்டளையை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, 'நில்' என்பதை வைக்கும். அதே இடத்தில் இரண்டாவது வந்தால், அந்த 'நில்'லையே அசல் என்று நம்பிப் பத்திரப்படுத்தும். இரண்டையும் எடுக்கும்போது, கடைசியில் அசலுக்குப் பதில் அந்த 'நில்'லையே திருப்பி வைத்துவிடும். அக்கா சொன்னது அப்படியே உண்மை. மூன்று வரியில் திருத்திவிட்டு மேனேஜரிடம் ஓடினான்.

"அந்தப் புகாரைத் திறக்கணும் சார். அவங்க சொன்னதுதான் சரி."

"திருத்தியாச்சுல்ல? சிறு மேம்பாடுன்னு போட்டு விடு. செத்த பாம்பை ஏன் அடிக்கிற?"

"அவங்க வேலை சார்..."

"அந்த நாற்காலியே இப்ப இல்லையேப்பா."

திருத்தத்தை அச்செடுத்துக்கொண்டு, அக்கா இப்போது வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனான். தாளை நீட்டினான்.

"எத்தனை காப்பி?" என்றாள், யாரோ எவரோ மாதிரி.

"அக்கா, நீ சொன்னதுதான் சரி."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்." தாளை வாங்கிப் படித்தாள். விரல் இரண்டாவது வரியில் நின்றது. "இன்னொண்ணு இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்கறே. எத்தனைன்னு எண்ணலையே? ஒரே வரியில மூணு வெச்சு ரெண்டை எடு. மூணாவது நிக்காது."

"பாக்கறேன்க்கா."

"ஒரு மாடி கீழதானேடா இருந்தேன்? இறங்கி வந்து, எப்படிக்கா வெச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் தாளைத் திரும்ப வாங்கி மடித்தான்.

"தள்ளி நில்லு. பின்னாடி ஆள் நிக்கறாங்க."

அலுவலகத்துக்குத் திரும்பி மூன்று வைத்தான், இரண்டை எடுத்தான். நிற்க வேண்டிய வரியில் நிற்காமல் புரோகிராம் ஓடிப்போனது. புதுப் புகார் ஒன்றைத் திறந்தான். 'கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் அக்காவின் பெயரை அடித்தான். 'இப்படி ஓர் ஊழியர் இல்லை' என்று சிவப்பில் வந்தது. மறுபடி அடித்தான். மறுபடி சிவப்பு. அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

தன் பெயரை அடித்தான். திறந்தது.